மழையில் கழித்த பதினைந்து

ரத்தினபுரியில் எங்கள் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. காலை பத்து மணி தாண்டினால் பணிஸ் வாசம் படியேறி வந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கும் வேலை ஓடாது. நீங்கள் முதல் தடவை விசாரிக்க வந்த அன்றும் வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் கேள்வி கேட்டீர்கள். அன்று நான் சொன்ன பதில்களில் பாதிக்கு மேல் பொய். நேற்று வந்தபோது, "நடந்ததைச் சொந்தக் கையால் தமிழிலேயே எழுதித் தாருங்கள்" என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். நிதானமாக வாசியுங்கள், முதலிலிருந்து வந்தால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் கிருஷாந்த், வயது இருபத்தொன்பது. றக்வானைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில், மேல் டிவிசனில், ஏழாம் நம்பர் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக உள்ள அறைகளில் ஒன்றில், பிறந்தவன். எங்கள் டிவிசனிலிருந்து கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். கம்பனியில் நாங்கள் நான்கு பேர். முதலாளி லாபிர் மாவனல்லைக்காரர். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் இணையத்தளங்களை எழுதுவேன், றமீலா அவற்றைச் சோதித்துப் பார்ப்பார். நான்காவது ஆள் படம் வரைகிறவர், அவருக்கு இதில் சம்பந்தமில்லை. கித்துல்கலையில் ஆற்றில் படகு விடுகிற ஹோட்டல்களுக்கும் மாணிக்கக் கடைகளுக்கும் தளம் செய்து கொடுத்துப் பிழைக்கிறோம்.

லாபிர் நானாவுக்கு இரண்டு பிடிவாதம். வருசத்துக்கு ஒரு வேலையாவது சும்மா, ஊருக்காகச் செய்ய வேண்டும். இன்னொன்று, யார் எழுதிய மாற்றமானாலும் வேறொருவர் படித்துப் பார்த்து 'சரி' என்று அழுத்தாமல் தளத்துக்குப் போகக்கூடாது. ஊருக்காகச் செய்கிற தளமென்றால் மாற்றங்களின் பட்டியலும் திறந்தே கிடக்கும். யார் மாற்றினார், யார் சரி சொன்னார், எத்தனை மணிக்கு என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். "ஒளிக்கிறதுக்கு நமக்கிட்ட ஒண்டுமில்ல மகன்," என்பார். அவரிடம் ஒன்றும் இருக்கவில்லைதான்.

மழைத் தளம் என்னுடைய யோசனை. மண்சரிவு எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக வரும். எங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கிற மலைக்கென்று தனியாக வராது. ஆகவே தோட்டத்துக்கு ஒரு மழைமானி வைத்தோம். பெருமழை நாளில் ஒருவர் மணிக்கு மணி அளந்து போனில் போட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் நூற்றைம்பது மில்லிமீற்றர் தாண்டினால் தளத்தில் அந்த இடம் சிவப்பாகிவிடும். உடனே அந்த லயத்தில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் தமிழில் செய்தி போகும், எல்லோரும் பாடசாலைக் கட்டடத்துக்குப் போங்கள் என்று. மேல் டிவிசனில் அளக்கிற பொறுப்பைத் தர்மிளா அக்கா ஏற்றார். அவர் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக் கொள்பவர். மழைமானியும் அந்தக் காம்பராவின் முற்றத்தில்தான் இருந்தது.

அந்த வருசம் ஐப்பசியில் மூன்று தடவை சிவப்பு வந்தது. மூன்று தடவையும் சனம் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடியது. மூன்று தடவையும் மலை அசையவில்லை. மறுநாள் காலையில் ஆள் எடுக்கிற பிரட்டுக்குப் பிந்தி வந்ததற்காக ஆட்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள். மூன்றாவது தடவை நாகலிங்கம் என்ற பெரியவர் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். தோட்டத்துத் துரை லாபிர் நானாவுக்குக் கடிதம் எழுதினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மழைமானியைப் பிடுங்கித் திருப்பி அனுப்புவதாக அதில் இருந்தது.

அந்த வாரம் நான் லயத்துக்குப் போனேன். நாகலிங்கத்தின் மகன் பைப்படியில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "வானத்துல பெய்யாட்டியும் ஒங்க கம்ப்யூட்டர்ல பெய்யுதுப்பா. எங்க அப்பாவுக்கு ஒரு பட்டன் அமுக்கி இடுப்பச் சேத்து வையேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள்தான். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஐயா, இந்தத் தளம் போனால் எனக்கு வேறொன்றும் இல்லை என்ற நிலை அது. ஹோட்டல் தளம் செய்கிறவன் என்று என்னை ஊரில் யாருக்கும் தெரியாது. மழைத் தளம் செய்த தம்பி என்றுதான் தெரியும். அதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மட்டுமே அப்போது எனக்குத் தோன்றியது. வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொஞ்சம் நின்றேன். மழையில் பறித்த கொழுந்து. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து, "தண்ணிக்கு மூணு," என்று சொல்லி மூன்று கிலோவைக் கழித்து எழுதினார். அடுத்தவருக்கும் மூன்று. அதற்கடுத்தவருக்கும் மூன்று. ஈரக் கொழுந்துக்குக் கழிவு எங்கள் ஆட்களுக்குப் பிறந்ததிலிருந்து பழகிய விசயம். என் அம்மா முப்பது வருசம் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கே நின்றபடியே எனக்கு வழி தெரிந்துவிட்டது.

தர்மிளா அக்காவின் அளவு கூடுதலாக வருகிறது என்று நான் முடிவு செய்தேன். காம்பராக் கூரையிலிருந்து தண்ணீர் தெறிக்கலாம். பயத்தில் ஒரு கோடு மேலே வாசிக்கலாம். ஒருநாள் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். சரியாகத்தான் வாசித்தார், தண்ணீரும் தெறிக்கவில்லை. ஆனால் ஒருநாள் பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது அல்லவா?

மேல் டிவிசனிலிருந்து வருகிற எந்த அளவிலும் பதினைந்து சதவீதத்தைக் கழித்துவிட்டுக் கணக்கெடுக்கும்படி ஒரே ஒரு வரி எழுதினேன். அந்த வரியைத் தனியாக அனுப்பினால் றமீலா கேள்வி கேட்பார். அதனால் போனில் எழுத்துப் பெரிதாகத் தெரிவதற்காகச் செய்த நாற்பது வரி மாற்றத்துக்கு நடுவில் அதை வைத்து, 'எழுத்து அளவு' என்று பெயர் போட்டு அனுப்பினேன். எழுத்து அளவை யார் வரிவரியாகப் படிப்பார்கள்? றமீலா இரண்டு நிமிடத்தில் சரி என்று அழுத்தினார். அவரைக் குறை சொல்லாதீர்கள். என்னை நம்பியதைத் தவிர அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

கார்த்திகையில் இரண்டு நாள் அளவு நூற்றைம்பதைத் தாண்டியது. கழிவு போகக் கணக்கு அதற்குக் கீழே வந்ததால் தளம் பச்சையாகவே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. துரை நானாவைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். நான் லயத்துக்குப் போய் எல்லோரையும் கூட்டி வைத்து, இனிமேல் செய்தி வந்தால் மட்டும் கிளம்புங்கள், வராவிட்டால் கிளம்பாதீர்கள் என்று சொன்னேன். நாகலிங்கத்தின் மகன்கூட இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்து மண்டபம் ஒன்றில் எங்கள் திறந்த நாள். வருசா வருசம் நடத்துவோம். கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தளம் எப்படி வேலை செய்கிறது, நாம் எழுதியதில் பிழையிருந்தால் எப்படித் திருத்தம் அனுப்புவது என்று சொல்லிக் கொடுப்போம். அறுபது பேர் வந்திருந்தார்கள், அதிகாரிகள் மூவர் முன்வரிசையில். பெரிய திரையில் ஒரு பக்கம் மழை வரைபடம், மறுபக்கம் மாற்றங்களின் பட்டியல். நான் மேடை ஓரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல்நாள் சனிக்கிழமை நான் அம்மாவை லயத்திலிருந்து என் வாடகை அறைக்குக் கூட்டி வந்திருந்தேன். அவர் பெயர் தங்கம்மா. உங்கள் பட்டியலில் ஏழாம் நம்பர் லயத்தில் தப்பியவர்களுள் ஒருவராக இருக்கிறார். கண் கிளினிக்குக்குத்தான் கூட்டி வந்தேன். கிளினிக் செவ்வாய்க்கிழமை. மூன்று நாளுக்கு முன்னமே எதற்கு என்று அவரும் கேட்டார். சமைக்கிற குசினிக்குப் பின்னால் நிலத்தில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு இருப்பதாக வெள்ளிக்கிழமை போனில் சொல்லியிருந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பஸ் அன்றைக்குக் கிடைத்தது, கூட்டி வந்தேன்.

பத்து ஐந்துக்கு மேல் டிவிசனின் அளவு வந்தது. நூற்று அறுபத்தெட்டு. கழிவு போக நூற்று நாற்பத்து மூன்று. திரையில் பச்சை. உண்மையான எண் என் மடிக்கணினியில் மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் தர்மிளா அக்கா கூப்பிட்டார். வெளி வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன்.

"தம்பி, நூத்தி அறுவத்தெட்டு போட்டேன். யாரு போனுக்கும் ஒண்ணும் வரலையே?"

"பாத்தேன்க்கா. இங்க பச்சையாத்தான் காட்டுது."

"காம்பரா பின்னால செவத்துல தண்ணி ஊறுது. சேத்துத் தண்ணி தம்பி. நாங்க இஸ்கூலுக்குப் போயிறவா? ஞாயித்துக்கெழம, எல்லாம் வீட்லதான் இருக்காங்க."

"மெசேஜ் வரட்டும்க்கா. இல்லாட்டி அன்னைக்கு மாதிரி ஆயிரும்."

"புள்ளைக இருக்குதுக, அதான் பயமா இருக்கு."

"நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வந்தா ஒடனே அனுப்பிருவேன். நீங்க பதினொரு மணிக்கு இன்னொருக்கா அளந்து போடுங்க."

"சரி தம்பி. நீங்க சொன்னாச் சரிதான்."

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பேன். போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. அதையும் யோசித்தேன். செய்தி வராமலே சனம் கிளம்பிப் போய், மலையும் இறங்கிவிட்டால், தளம் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். கிளம்பிப் போய் மலை இறங்காவிட்டால் மழைமானி போய்விடும். கழிவை எடுத்துவிட்டால் தளம் தானாகவே செய்தி அனுப்பியிருக்கும். ஆனால் எடுப்பதும் ஒரு மாற்றம்தான். என் பெயரோடும் நேரத்தோடும் அறுபது பேருக்கு முன்னால் அந்தப் பெரிய திரையில் வந்து நிற்கும். அந்த நேரம் மண்டபத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பட்டியலைத்தான்.

பத்தரைக்குத் தேநீர் இடைவேளை. இருபது நிமிடம்தானே, சனம் வெளியே போனதும் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். என் கால்கள் நடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது. கல்நெஞ்சக்காரனாக இருந்தால் கால் நடுங்காது, இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இடைவேளை பிந்தியது. பத்தரைக்கு றமீலா அன்றைய தரவின் பிரதியைப் பயிற்சிக்காகப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தார். அதற்குப் பிறகு நிலக்சி என்ற மாணவி எழுந்தாள்.

"அளக்கிறவங்க பிழையா அளந்து போட்டா தளம் என்ன செய்யும் சேர்?"

லாபிர் நானாவுக்கு இப்படிப்பட்ட கேள்வி என்றால் உயிர். "நல்ல கேள்வி மகள். நாங்க அளந்த ஆள நம்புவோம். மலையடில ஈக்கிறது அவங்க, நாங்க இல்ல," என்று தொடங்கி, சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, அரை மணி நேரம் விளக்கினார். முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பதினொன்று ஐந்துக்குக் கதவு திறந்தது. ஆட்கள் வெளியே போனார்கள். நான் திரையை அணைத்துவிட்டு அந்த வரியை எடுத்தேன். 'எழுத்து அளவு பழையபடி' என்று பெயர் போட்டேன். றமீலா ஒரு கையில் ரோல்ஸ் வைத்துக்கொண்டு மறு கையால் போனில் சரி என்று அழுத்தினார். பதினொன்று எட்டுக்கு மேல் டிவிசன் சிவப்பானது. நூற்றுப் பன்னிரண்டு போன்களுக்குச் செய்தி போனது.

மலை பத்து ஐம்பத்தைந்துக்கே இறங்கிவிட்டது.

செய்தி என் காதுக்கு வந்தது பதினொன்று இருபதுக்கு. லயத்துப் பையன் ஒருவன் போனில் கூப்பிட்டான். அழுகையைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. நான் கழிவறைக்குப் போனேன். முகம் கழுவினேன். வந்து உட்கார்ந்து, தர்மிளா அக்கா அளவு போட்ட நேரத்தைப் பத்து ஐந்திலிருந்து பதினொன்று ஆறு என்று மாற்றினேன். தளத்தின் வரிகளை மாற்றினால்தான் பட்டியலில் வரும். தரவுக் களஞ்சியத்துக்குள் நேரடியாகக் கை வைத்தால் வராது. அது உள்ளே போக எனக்கு மட்டும் திறப்பு இருந்த இடம்.

பதினொரு பேர். ஆறு வயது அபிஷாவும் அவளுடைய அப்பம்மாவும் அதில் அடக்கம். அபிஷா தர்மிளா அக்காவின் மகள். அக்கா தப்பியதற்குக் காரணம், பதினொரு மணி அளவை எடுக்க முன்கூட்டியே முற்றத்துக்கு இறங்கியிருந்தார். மற்றவர்கள் செய்தி வரட்டும் என்று வீட்டுக்குள் காத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பாடசாலையில் அவரைப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்திருந்தார், போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, நான் பத்து மணிக்கே போட்டனே. ஒங்ககிட்டயும் சொன்னனே. எல்லாரும் பதினொன்னுக்குத்தான் போட்டேங்கிறாங்க."

"நீங்க போட்டீங்கக்கா. டவர் இல்லாததால அது வந்து சேரல போல. நீங்க சொன்னதும் எனக்குச் சரியா வெளங்கல, சத்தமா இருந்திச்சு."

"அப்ப நான் அமுக்குனது போகலையா?"

"போகலக்கா. மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும். நீங்க மனசப் போட்டு ஒடைச்சுக்காதீங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு அந்தப் பாடசாலையில் அவரோடு உட்கார்ந்து பேசியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அவர் பக்கத்தில் போகவில்லை. பிள்ளைக் காம்பரா வேலையும் போய்விட்டது, ஒருவரும் இப்போது அவரிடம் குழந்தையை விடுவதில்லை. உங்களுடைய முதல் அறிக்கையிலும் அளவிட்டவரின் தாமதம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறேன். போகும்போது பாண், பால்மா ஏதாவது வாங்கிக்கொண்டு போவேன்.

தளத்துக்குக் கெட்ட பெயர் வரவில்லை. அளவு வந்து இரண்டு நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செய்தி போன தளம் என்று எல்லா இடத்திலும் பேசினார்கள். தை மாதத்துக்குள் இன்னும் எட்டுத் தோட்டங்கள் எங்களோடு சேர்ந்தன. லாபிர் நானா அந்தப் பதினொரு பேரின் பெயர்களையும் அலுவலகச் சுவரில் எழுதி வைத்தார். அவற்றுக்குக் கீழேதான் என் மேசை.

மீதி உங்களுக்குத் தெரியும். நிலக்சி தன் படிப்புக்காக அந்தப் பயிற்சிப் பிரதியைத் திறந்திருக்கிறாள். பத்தரைக்கு எடுத்த பிரதியில் பதினொன்று ஆறுக்கு வர வேண்டிய அளவு எப்படி இருக்கும்? பிழை என்று நினைத்து, நாங்கள் சொல்லிக் கொடுத்த முறைப்படியே ஒரு திருத்தம் அனுப்பினாள். அது றமீலாவிடம் வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் 'எழுத்து அளவு' வரைக்கும் வந்துவிட்டார்.

"கிருஷாந்த், இது என்ட பேர்ல ஈக்கிது," என்று திரையைக் காட்டினார். "நான்தான் சரி என்டு அழுத்தி ஈக்கிறேன். அந்த அபிஷா புள்ளைக்கும் நான்தான் அழுத்தினேனா?"

அவர் அன்று மாலையே உங்களிடம் வந்தார். சரியான காரியம்தான் செய்தார்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். மழையில் கழித்தவன் நான். தெரிந்தும் காத்திருந்தவன் நான். பிறகு நேரத்தை மாற்றித் தர்மிளா அக்காவின் தலையில் போட்டவனும் நான். எனக்கு என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள், மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. என்மேல் உள்ள கோபத்தில் தளத்தை மூடிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அந்த மலைகளுக்குக் கீழே உள்ள சனத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நான் அதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

இன்னொரு விசயம். புதிதாகச் சேர்ந்த எட்டுத் தோட்டங்களிலும் அளக்கிறவர்கள், அந்தச் சாவுக்குப் பிறகு, பயந்து பயந்து கூட்டித்தான் போடுகிறார்கள். அதனால் வேறு வேறு மாற்றங்களுக்குள் மறைத்து அங்கேயும் கழிவு வைத்திருக்கிறேன். றமீலா அதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இன்று விடிந்ததிலிருந்து மழை பெய்கிறது என்பதால் பதற்றப்பட வேண்டாம். அங்கெல்லாம் பத்து சதவீதம்தான், அது நியாயமான அளவு. யாரும் கை வைக்காதீர்கள், மழை விட்டதும் நானே வந்து சரிபார்க்கிறேன்.